முப்பது பேர் என்பது நல்ல கூட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல், கரூர்ப் பக்கம் செல்போனில் கதை, கவிதை, கட்டுரை எழுதி இணையத்தில் போடத் தொடங்கியிருப்பவர்கள் இன்று நிறைய. பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து எழுதுகிறவர்கள், தறிச் சத்தத்துக்கு நடுவே மனசுக்குள் வரி கோர்க்கிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு உட்காருகிற பெண்கள். இவர்களில் பலர் நாலைந்து மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். ஏன் என்றால் ஒரே பதில்தான்: "போட்டா முப்பது பேருகூடப் படிக்கறதில்லைங்க." அவர்களுக்கும், அவர்களுக்கு இடம் தரக்கூடிய உங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த முப்பது. ஊர்க் கிளை நூலகத்தில் கூட்டம் போட்டு, முப்பது பேர் கடைசி வரை உட்கார்ந்து கேட்டால் நல்ல கூட்டம் என்போம். செல்போனில் அதே முப்பதைப் பார்த்ததும் சோர்ந்துபோகிறோம். போன வாரம் வந்தவர்களில் எத்தனை பேர் இந்த வாரமும் வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பத்துப் பேர் திரும்பி வந்திருந்தால் எழுத்து பிடித்துப்போயிருக்கிறது, தைரியமாகத் தொடரலாம். ஒரே நாளில் முந்நூறு பேர் வந்து ஒருத்தர்கூடத் திரும்பாவிட்டால், தலைப்பு இழுத்திருக்கிறது, உள்ளே சரக்கில்லை.

பல நேரம் எழுத்தில் குறையே இருக்காது. அது ஆளிடம் போய்ச் சேர்ந்திருக்காது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போகும். மற்றவருக்குப் போகவே போகாது. இருநூறு பேருக்கு அனுப்பினேன், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை என்று வருந்துகிறவர்கள், அந்த இருநூறில் எத்தனை பேர் தன் எண்ணை வைத்திருக்கிறார்கள் என்று முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். எண்ணைப் பகிரத் தயங்கும் பெண்களுக்கு வாட்ஸ்அப் சேனல் நல்ல வழி. 2023இல் இந்தியாவுக்கு வந்தது. பின்தொடர்கிறவருக்கு நடத்துகிறவரின் எண் தெரியாது. கல்யாணப் பத்திரிகையும் துக்கச் செய்தியும் வருகிற சொந்தக்காரர் குழுவில் மட்டும் கதையைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம். அங்கே இருப்பவர்கள் வாசகராக வந்தவர்கள் இல்லை.

நீண்ட செய்தியை வாட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் பாதியில் மடித்துவிடும், மீதியைத் தட்டித்தான் பார்க்க வேண்டும். முதல் மூன்று வரியில் காலை வணக்கமும் ஒரு பொன்மொழியும் இருந்தால் விரல் அடுத்ததுக்குப் போய்விடும். சொல்ல வந்த விஷயம் அந்த மூன்று வரிக்குள் தலைகாட்டியாக வேண்டும்.

என்ன எழுதுவது என்பதில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை விட்டுவிட்டு, யாரோ எழுதிய காதலையும் மழையையும் திரும்ப எழுதுகிறார்கள். மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். "மங்கலத்தின் அடையாளம் மஞ்சள்" என்று எந்த ஊர்க்காரரும் தொடங்கலாம். ஈரோட்டுப் பக்கத்தில் இருப்பவர் எழுத வேண்டியது வேறு. வெட்டியெடுத்த மஞ்சளை இரண்டு மூன்று நாளுக்குள் வேகவைத்துவிட வேண்டும். விரல்போல நீண்ட விரலியையும் உருண்டையான தாய்க்கிழங்கையும் ஒன்றாகப் போடக் கூடாது, இரண்டுக்கும் வேகும் நேரம் வேறு. கொப்பரையில் நுரை தள்ளி, வெள்ளையாக ஆவி கிளம்பி, மஞ்சள் வாசம் மூக்கில் ஏறும்போது பக்குவம் நெருங்கிவிட்டது என்று பொருள். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். குச்சியால் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். அதிகம் வெந்தால் நிறம் கெட்டுப்போகும், வேக்காடு குறைந்தால் காய்ந்தபின் ஒடியும். அப்புறம் 10 முதல் 15 நாள் வெயிலில் காய வேண்டும், இரவில் குவித்து மூட வேண்டும்.

இதெல்லாம் மஞ்சள் காட்டில் நிற்கும் எந்தப் பெரியவரும் சொல்லக்கூடியதுதான். எழுதி வைத்தவர்கள் குறைவு. முதல்முறை மஞ்சள் போட்ட ஒரு விவசாயி இதைத் தேடும்போது "மஞ்சள் வேகவைக்கும் முறை" என்றுதான் போனில் பேசிக் கேட்பார். கட்டுரைக்கு "பொன்னிறக் கனவுகள்" என்று பேர் வைத்திருந்தால் அவர் கண்ணில் அது படாது. தலைப்பில் பொருளும் ஊரும் இருக்கட்டும். கவித்துவத்துக்கு உள்ளே இடம் இருக்கிறது. பவானிக் குழித்தறியில் ஜமக்காளம் நெய்வது, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைப் பாகு இறக்கும் பதம், காங்கேயம் காளைக்குச் சுழி பார்ப்பது என்று இப்படி எழுதக் கிடப்பது ஏராளம். கதை எழுதுகிறவருக்கும் இதுவேதான். கொப்பரைப் பக்கம் நிற்கிற பெண்ணின் கண்ணெரிச்சல் தெரிந்தவர் எழுதினால் அந்தக் கதை நிற்கும்.

மொழியில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. சிலர் பேச்சைக்கூடப் பாடப்புத்தகத் தமிழில் எழுதுகிறார்கள். நம் பக்கத்து அமுச்சி, அதாவது பாட்டி, "உறவினர்கள் வருகை புரிந்துள்ளனர்" என்று சொல்வாரா? வேறு சிலர் ஒவ்வொரு வரியிலும் வட்டாரச் சொல்லைத் திணித்து, அடைப்புக்குறிக்குள் அர்த்தமும் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் படிக்கிற வேகம் அறுந்துபோகும். "நோம்பிக்கு ஒறம்பரையெல்லாம் வந்தெறங்கியாச்சு, பொடக்காலியில அடுப்புக் கூட்டோணும், வெறகு எடுத்துட்டு வா கண்ணு" என்று எழுதுங்கள். திருநெல்வேலிக்காரருக்கும் நோம்பி எது, ஒறம்பரை யார், பொடக்காலி எங்கே என்று வாக்கியமே சொல்லிவிடும். கதை சொல்லும் நடை பொதுத்தமிழில், பேச்சு நம்ம பேச்சில் என்பது புதியவர்களுக்குப் பத்திரமான வழி.

போனில் பேசிப் பதிவு செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குரல் தட்டச்சு ல, ள, ழவையும் ன, ணவையும் குழப்பும், வட்டாரச் சொல்லைத் தப்பாகக் கேட்டுக்கொள்ளும், நிறுத்தக்குறி பெரும்பாலும் போடாது. ஒரு நாள் கழித்து, வாய்விட்டுப் படித்துத் திருத்தினால் பாதிப் பிழை காதிலேயே மாட்டும். டி.டி.பி. கடையில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வாங்கினால், இணையத்தில் ஒட்டும்போது அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிவிடும். யூனிகோடில் கேட்டு வாங்குங்கள், அல்லது எழுத்துரு மாற்றியில் போட்டுச் சரிபாருங்கள். கவிதையைப் பூப்படத்தின் மேல் எழுதி படமாக மட்டும் போடும் பழக்கம் வேண்டாம். பார்வையற்றவர்களின் போன் அதைப் பெரும்பாலும் வாசித்துக் காட்டாது, தேடினால் கிடைப்பதும் கடினம்.

தொடர்கதை தொடங்குகிறவர்கள் தினமும் ஒரு அத்தியாயம் என்று வாக்குக் கொடுத்து மூன்றாவது வாரத்தில் மூச்சு வாங்குகிறார்கள். அத்தியாயம் 800 முதல் 1,000 சொல் இருந்தால் போதும். ஐந்து அத்தியாயம் கையில் முடித்து வைத்துக்கொண்டு முதலாவதைப் போடுங்கள். வாரம் ஒரு நாள், அதே கிழமை. காய்ச்சலோ கல்யாணமோ வந்தால் அந்த ஐந்து காப்பாற்றும். நடுவில் அறுந்த தொடரை நம்பி வந்தவர் அடுத்த தொடருக்கு வரமாட்டார்.

அமேசான் கிண்டிலில் மின்புத்தகமாக்க நினைக்கிறவர்கள் ஒரு நிபந்தனையைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். அங்கே மட்டுமே வெளியிடுவதாக ஒப்புக்கொள்ளும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்த்தால், 90 நாளைக்கு அந்தப் படைப்பின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. பேஸ்புக்கில் முழுத் தொடரும் திறந்து கிடக்கும்போது சேர்ப்பது விதிமீறல். பணம் கட்டினால் தொகுப்பில் கவிதை போடுகிறோம், விருதும் தருகிறோம் என்று அழைப்பு வந்தால் மறுத்துவிடலாம். அந்தப் புத்தகத்தை வாங்குவது பெரும்பாலும் அதில் எழுதியவர்கள் மட்டுமே.

எழுதியவர் பேரை எடுத்துவிட்டுப் பரப்புகிறார்கள் என்பது நியாயமான வேதனை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியதுமே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. உரிமை ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 60 ஆண்டும் நிற்கும். தலைப்புக்குக் கீழேயும் கடைசியிலும் பேர், ஊர், தேதி போடுங்கள். ஒரு பிரதி உங்கள் கையிலும் இருக்கட்டும். கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டபோது, நகல் எடுத்து வைக்காதவர்களின் எழுத்தும் அதோடு போனது.

உங்களிடம் ஒரு கோரிக்கை. ஈரோடு புத்தகத் திருவிழா 2005இலிருந்து வாசகர்களை வளர்த்து வைத்திருக்கிறது. அந்த வாசகர்களிடம் புதிய ஆளை அறிமுகப்படுத்த நாளிதழைவிட நல்ல இடம் இல்லை. மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒரு முறை 300 சொல்லுக்கு இடம் ஒதுக்குங்கள். இணையத்தில் எழுதும் ஒருவரின் எழுத்துத் துண்டு, அவர் பேர், ஊர், அவரை எங்கே படிக்கலாம் என்ற ஒரு வரி போதும். பிரசுரிக்க முடியாததற்கு, ஏன் முடியவில்லை என்று இரண்டு வரி பதில் எழுதுங்கள். தொடக்கம் நீளம், ஊர்ப்பேர் இல்லை, முடிவு அவசரம் என்று ஒரு உதவி ஆசிரியர் சொன்னால், எழுதியவர் அடுத்த முறை திருத்தி அனுப்புவார். தை பிறந்து மஞ்சள் வெட்டு தொடங்கும்போது முதல் துண்டு வந்தால் நன்றாயிருக்கும். கொப்பரை பற்றி எழுத அப்போது ஆள் கிடைப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெருந்துறை.