பதினேழாவது கேள்விக்கு ஒரு மதிப்பெண்

பறவை வினாடி வினா நடத்திய அமைப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பாளையங்கோட்டையில் நீங்கள் நடத்திய போட்டியின் பதினேழாவது கேள்வியைப் பற்றி ஏற்கெனவே இரண்டு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. சரி, எல்லாரும் பார்க்கும்படியே எழுதிவிடலாம் என்று மூன்றாவதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். அந்தக் கேள்விக்கு, பறவைகள் சரணாலயம் இருக்கிற கூந்தன்குளத்துப் பிள்ளை எழுதிய விடைக்கு மதிப்பெண் போடுங்கள்.

பூநாரைக்கு, அதாவது ஃபிளமிங்கோவுக்கு, மிக நெருங்கிய சொந்தம் எந்தப் பறவை என்று கேட்டிருந்தீர்கள். நாரை, கொக்கு, அன்றில், முக்குளிப்பான் என்று நான்கு விடை. அவள், குளத்தில் முங்கி எழுகிற சின்னப் பறவையான முக்குளிப்பானைக் குறித்தாள். உங்கள் விடைத்தாளில் நாரை. அதோடு போயிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். நடுவர் ஒருவர் மைக்கைப் பிடித்து, “ஆளுயரத்துக்கு நிக்கிற பூநாரை எங்கே, உள்ளங்கை அளவு முக்குளிப்பான் எங்கே? ரெண்டுக்கும் எந்த ஊர்லம்மா கல்யாணம் நடந்துச்சு?” என்றார். அரங்கமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். நான் மூன்றாவது வரிசையில்தான் இருந்தேன்.

அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்பு. வீட்டு முற்றத்து வேப்பமரத்தில் நாரைக் கூடு இருக்கிறது. காற்றில் விழுந்த குஞ்சை எடுத்து மீன் ஊட்டி வளர்க்கிற ஊர் அது. தீபாவளிக்கு வெடி போடாத ஊர். திரும்பிவரும்போது மூலைக்கரைப்பட்டி வரை பேருந்தில் அவள் வாயே திறக்கவில்லை. இறங்கும்போதுதான், “எல்லாரும் சிரிச்சாவ சார். நம்ம குளத்துல தினம் பாக்குதது எனக்கே தெரியலையோன்னு ஆயிட்டு” என்றாள். முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன் நான். அந்த விடையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் எழுதியதுதான் சரி. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் பறவைகளை ஆறே வரிசையாகப் பிரித்தபோது, அலகையும் காலையும் பார்த்துத்தான் பிரித்தார். பூநாரை நெட்டைக்கால்களோடு சேர்ந்தது, முக்குளிப்பான் வாத்துகளோடு போனது. அவர் காலத்துக்கு அது பெரிய வேலை. ஆனால் சேற்றில் நின்று இரை தேடுகிற பறவைக்கு, அது எந்த வம்சமானாலும், கால் நீளமாகத்தான் அமையும். ஒரே வாய்க்காலில் குளிக்கிறவர்கள் எல்லாம் பங்காளிகளா? 2001இல் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது பூநாரைக்குப் பங்காளி முக்குளிப்பான்தான் என்று தெரிந்தது. 2014இல் முழு மரபணுத் தொகுதிகளை வைத்துப் பார்த்தபோதும் அதுவே வந்தது. நடுவர் கேட்ட கல்யாணம் எந்த ஊரில் நடந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இரண்டின் முட்டை ஓட்டின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு படலம் இருக்கும். அது கண்ணால் பார்க்கிற சாட்சி.

இந்தக் குழப்பம் பூநாரையோடு நிற்கவில்லை. நாலு விரலுக்கும் சவ்வு இருக்கிறதே என்று கூழைக்கடாவை நீர்க்காகத்தோடும் பாம்புத்தாராவோடும் சேர்த்துத்தான் நானே பல வருடம் பாடம் நடத்தினேன். இன்றைக்குக் கூழைக்கடா கொக்கு, அன்றில், கரண்டிவாயனோடு ஒரே வரிசையில் இருக்கிறது. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் வேறு வரிசை. நாரைகளோ தனி வரிசை. கழுகைப்போல வேட்டையாடுகிற பொரி வல்லூறு, கழுகைவிடக் கிளிக்கு நெருக்கம் என்று 2008இல் வந்தபோது எனக்கும் நம்ப முடியவில்லை. படித்த பிறகு ஒப்புக்கொண்டேன். வயதான காலத்தில் ஒன்றை மாற்றிப் படிப்பது கஷ்டம்தான், அது எனக்குப் புரிகிறது.

பெயரை வைத்துச் சொந்தம் தேடுவதும் நம்மிடம் உண்டு. உங்கள் அழைப்பிதழில் நீர்க்காகத்தைக் காக்கைக் குடும்பம் என்று அச்சடித்திருந்தீர்கள். அப்படியானால் குளத்தில் நீந்துகிற நாமக்கோழியைக் குழம்பு வைக்கிற கோழியோடு சேர்க்காமல் விட்டது எதற்கு? அதற்கும் ஒரு வரி போட்டிருக்கலாம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் கூந்தன்குளம் சேர்ந்ததைப் பற்றி மேடையில் முக்கால் மணி நேரம் பேசினீர்கள், சந்தோஷம். மணிமுத்தாற்றுத் தண்ணீர் அந்தக் குளத்துக்கு எப்போது வரும், எப்போது வராது என்று ஒருவர்கூடப் பேசவில்லை. பறவை பார்க்கக் கார் காராக வருகிறார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் பேருந்துதான் நேரத்துக்கு வருவதில்லை... அது உங்கள் பொறுப்பில்லை, விட்டுவிடுகிறேன். எழுத உட்கார்ந்தால் இப்படித்தான் எங்கேயோ போய்விடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரே ஒரு மதிப்பெண்ணில் அவள் இரண்டாவது இடத்துக்குப் போனாள். முதல் பரிசு வாங்கிய பையனிடமிருந்து கோப்பையைப் பிடுங்கச் சொல்லவில்லை. அவன் என்ன செய்வான், பாவம். பதினேழாவது கேள்விக்கு அவள் விடை சரி என்று அமைப்பின் பெயரில் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுங்கள். அடுத்த வருடப் போட்டிக்கு முன்னால் விடைத்தாளையும் திருத்திவிடுங்கள். முடிந்தால் மைக்கில் பேசிய நடுவரே கையெழுத்துப் போட்டால் நல்லது. முடியாவிட்டால் வேண்டாம், மதிப்பெண் வந்தால் போதும்.

சான்றிதழில் அவள் பெயரும் தப்பாக இருக்கிறது. அனுப்பும்போது அதையும் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தாழ்மையுடன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
நாங்குநேரி வட்டம்.