டெர்மினல் பதிவை மாணவரும் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையப் பாதுகாப்புச் செய்முறை வகுப்பில் மாணவர்கள் டெர்மினலில் (கணினிக்குக் கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் திரையில்) அடிக்கும் கட்டளைகளை எல்லாம் பதிவு செய்யலாமா என்று உங்கள் இதழில் கேட்டிருந்தீர்கள். பல ஆண்டுகளாக இந்த வகுப்புகளை எடுப்பவன் நான். பதிவு செய்யத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அது மாணவருக்குத் தெரிந்தே நடக்க வேண்டும், அவரவர் பதிவை அவரவர் பார்க்க முடிய வேண்டும்.

ஏன் வேண்டும் என்று சொல்கிறேன். ஒருமுறை லேபில் ஒரு மாணவி பயிற்சிக்கான இலக்குக் கணினியை என்மேப் கொண்டு ஸ்கேன் செய்துகொண்டிருந்தார். ஒரு கணினியில் எந்தெந்தப் போர்ட்டுகள், அதாவது இணைப்பு வாசல்கள், திறந்திருக்கின்றன என்று பார்க்கும் கருவி அது. கணினி இயங்கவில்லை போலிருக்கிறது என்றே ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. முகவரியை மாற்றினார், போர்ட் எண்களை மாற்றினார், மறுபடி பழைய முகவரிக்கே வந்தார். அரை மணி நேரம் போய்விட்டது. கை தூக்கவில்லை. என் திரையில் அவருடைய கட்டளைகள் வரிசையாக வந்ததால்தான் எனக்கே விஷயம் புரிந்தது. அந்தக் கணினி, ‘இயங்குகிறாயா’ என்று கேட்டுப் பார்க்கும் பிங்குக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்டிருந்தது. பிங்கை விட்டுவிட்டு நேரே ஸ்கேன் செய்யச் சொல்லும் ‘-பிஎன்’ (-Pn) என்பதைக் கட்டளையில் சேர்த்தால் போதும். அதை என்மேப்பே திரையில் எழுதிக் காட்டுகிறது. பக்கத்தில் போய், “அந்தப் பதிலை முழுசா ஒருதரம் வாசிங்கம்மா” என்றேன். அவ்வளவுதான், அடுத்த நிமிடமே போர்ட்டுகள் வரிசையாக வந்துவிட்டன. கடைசி விடையை மட்டும் பார்க்கும் முறையில் அவர் பெயருக்கு எதிரே ‘முடிக்கவில்லை’ என்ற ஒரு சொல்தான் இருந்திருக்கும்.

டெர்மினலில் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான பாஷ் ஷெல், அடித்தவற்றைக் குறித்து வைக்கும் ஹிஸ்டரி கோப்பு இருக்கிறதே, தனியாகப் பதிவு எதற்கு என்று சக ஆசிரியர்கள் சிலர் கேட்கிறார்கள். அந்தக் கோப்பை நம்ப முடியாது. ஷெல்லை ஒழுங்காக மூடினால்தான் அதில் எழுதப்படும். லேபில் பயன்படுத்தும் மெய்நிகர்க் கணினியை (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினியை) பாதியில் அணைத்தால் அந்த அமர்வே போய்விடும். நாமாகச் சொல்லி வைக்காவிட்டால் நேரம் பதிவாகாது. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் இயல்பு அமைப்பில், ஒரே கட்டளையை அடுத்தடுத்து எத்தனை முறை அடித்தாலும் ஒன்றாகத்தான் பதியும். மாணவர் எங்கே முட்டி நிற்கிறார் என்பதற்கு அந்தத் திரும்பத் திரும்ப அடிப்பதுதானே அடையாளம்! பாதுகாப்பு ஓட்டைகளைச் சோதிக்கும் மெட்டாஸ்பிளாய்ட் கருவிக்குள் போய் அடிப்பவை இதில் வரவே வராது. அப்புறம், பாதுகாப்புச் சோதனைக்கென்றே உள்ள காலி (Kali) லினக்ஸ் இயங்குதளம் 2020-லேயே இசட்-ஷெல் என்ற வேறொரு ஷெல்லுக்கு மாறிவிட்டது. பாஷ் ஷெல்லை மட்டும் நினைத்துச் செய்த ஏற்பாடு அங்கே ஒன்றையும் பிடிக்காது. செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கட்டளையோடு நேரம், கணினியின் பெயர், எந்த அடைவில் (கோப்புறையில்) அடித்தது என்பதையும், கணினிகள் தம் பதிவுகளை அனுப்பும் சிஸ்லாக் முறை வழியாக ஓரிடத்தில் சேர்க்கும் கருவிகளைச் செய்து 2021-ல் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். போக வேண்டிய வழி அதுதான்.

நான் செய்த தவற்றையும் சொல்ல வேண்டும். முதல் தடவை மாணவர்களிடம் சொல்லாமலேயே பதிவை ஓட விட்டேன். இரண்டாம் வாரம் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். அதன் பிறகு வந்த பதிவுகள் சுத்தமாக இருந்தன, ஒரு பிழைகூட இல்லை. வேறெங்கோ முயன்று பார்த்துவிட்டு, சரியாக வந்ததை மட்டும் லேபில் அடித்தார்கள். சிலர் கட்டளைக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டு அடித்தார்கள். அப்படி அடித்தால் ஹிஸ்டரியில் ஏறாது என்று அவர்களுக்குத் தெரியும். தப்பாக அடித்துக் கற்றுக்கொள்ள வேண்டிய இடத்தில் தப்பு செய்யவே பயப்பட வைத்துவிட்டேன். அது இன்றும் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று, கடவுச்சொல். அவசரத்தில் தன் சொந்தக் கடவுச்சொல்லைக் கட்டளை இடத்திலேயே அடித்து என்டரைத் தட்டாதவர் யார்? அதுவும் அப்படியே பதிவில் உட்கார்ந்துவிடும். அதனால் பதிவை யார் யார் திறக்கலாம் என்பதற்கு வரம்பு வேண்டும், பருவம் முடிந்ததும் அழித்துவிடவும் வேண்டும்.

கட்டளைகளை எண்ணி மதிப்பெண் போடும் யோசனை யாருக்காவது இருந்தால், அதை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். இருபது கட்டளையில் முடித்தவர் நன்றாக யோசித்து முடித்திருக்கலாம், பக்கத்து நண்பரிடம் வாங்கி ஒட்டியும் இருக்கலாம். முந்நூறு அடித்தவர் தடுமாறியிருக்கலாம், பாடத்தைத் தாண்டி ஆர்வத்தில் துழாவியும் இருக்கலாம். எண்ணிக்கை இதைச் சொல்லாது. பதிவை மாணவரோடு உட்கார்ந்து வாசித்தால்தான் தெரியும்.

இப்போதெல்லாம் முதல் வகுப்பிலேயே எதைப் பதிவு செய்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். என் டெர்மினலின் பதிவையும் பெரிய திரையில் போட்டு, நான் தப்பாக அடித்தவற்றோடு சேர்த்துக் காட்டுகிறேன். லேப் வைத்திருக்கும் மற்ற ஆசிரியர்களும் அடுத்த பருவத்திலிருந்து இப்படிச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இணையப் பாதுகாப்புச் செய்முறை ஆசிரியர் ஒருவர்