பீரோவில் தூங்கும் மண்வள அட்டை

ஐயா,

நிலத்தின் மண்ணைச் சோதித்து, எந்த உரம் எவ்வளவு போடலாம் என்று விவசாயிக்கு எழுதிக் கொடுக்கும் மண்வள அட்டைத் திட்டம் 2015-ல் தொடங்கியபோது, பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என மண் மாதிரி எடுக்க விதி வகுத்தார்கள். கரிமச்சத்து, கார அமில நிலை, துத்தநாகம் உட்பட 12 அளவுகள். எங்கள் வீட்டு அட்டை பீரோவில் தூங்குகிறது. யூரியா எத்தனை மூட்டை என்பதை இன்றும் உரக்கடைக்காரர்தான் முடிவு செய்கிறார்!

நீலகிரிச் சரிவில் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களில் கரையும் மேல்மண், பவானியிலும் மோயாற்றிலும் இறங்கி பவானிசாகர் அணையை நோக்கித்தான் வருகிறது. மண் பரிசோதனை வேளாண் துறையிடம், அணை வண்டல் கணக்கு நீர்வளத் துறையிடம். இரண்டையும் மழையளவோடு சேர்த்து ஒரே வரைபடத்தில் போட்டால், எந்தச் சரிவுக்கு முதலில் வரப்பும் தடுப்பணையும் வேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்த வரைபடத்தை கிராம சபையிலும் வையுங்கள்.

– ஒரு விவசாயி, சத்தியமங்கலம்