ரசீதைச் சேர்த்து வை, கயல்

சார்லட்,
ஜூலை 20

அன்புள்ள கயலுக்கு,

ஆகஸ்ட் பாதியில் வகுப்பு தொடங்கிவிடும். செப்டம்பரில் கரியர் ஃபேர், கம்பெனிகள் கேம்பஸுக்கு வந்து ஆள் பார்க்கும் நாள். நடுவில் கிடைப்பது மூன்று நான்கு வாரம்தான். அதற்குள் செய்ய வேண்டியதைப் போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன்.

இரண்டாம் ஆண்டுதானே, இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்துவிடாதே. கணக்கைப் பின்னாலிருந்து போட்டுப் பார். படிப்பு முடிந்ததும் கிடைக்கும் வேலை பெரும்பாலும் மூன்றாம் ஆண்டுக் கோடையில் இன்டர்னாக இருந்த இடத்திலிருந்தே வருகிறது. அந்த இன்டர்ன்ஷிப்புக்கு மூன்றாம் ஆண்டு செப்டம்பரில் ஆள் எடுப்பார்கள். அப்போது, போன கோடையில் என்ன செய்தாய் என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தப் "போன கோடை" உனக்கு அடுத்த கோடை. அதற்கான விண்ணப்பங்களைப் பெரிய கம்பெனிகள் இந்த ஜூலை, ஆகஸ்டிலேயே திறக்கின்றன. பல இடங்களில் வந்த வரிசையில் பார்த்து, ஆள் நிரம்பியதும் மூடிவிடுவார்கள். போட்டிருக்கும் கடைசித் தேதியை நம்பி உட்காராதே.

டட்லி கட்டடத்துக்கு முன்னால் நிற்கும் நான்கு இளைஞர்களின் சிலையைத் தினமும் பார்க்கிறாய். எசல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், ஃபிராங்க்ளின் மெக்கெயின், ஜோசஃப் மெக்நீல். நால்வரும் உன் கல்லூரியான நார்த் கரோலினா ஏ அண்ட் டி-யில் முதலாண்டு மாணவர்கள். 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ வுல்வொர்த் கடையில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டுக் கவுன்டரில் போய் உட்கார்ந்தார்கள். உட்காரும் முன் அதே கடையில் பற்பசை மாதிரி சின்னச் சாமான்கள் வாங்கி, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டார்கள். கறுப்பர்களுக்கு இங்கே பரிமாறுவதில்லை என்று சொன்னால், இதே கடை சற்று முன்னால் எங்களிடம் காசு வாங்கியதே என்று காட்டுவதற்கு. அந்த ஜூலையில் கவுன்டர் எல்லாருக்கும் திறந்தது. அவர்களுடைய தைரியத்தை எல்லாரும் பேசுகிறார்கள். என் மனதில் நிற்பது அந்த ரசீதுதான். அவர்கள் பட்டதையும் நீ வேலை தேடுவதையும் சமமாக வைக்கவில்லை, கண்ணு. முறையை மட்டும் எடுத்துக்கொள். வாயால் சொல்லப்போவது எதுவோ, அதற்கு அத்தாட்சி கையில் இருக்க வேண்டும்.

ஆகையால் இன்றே ஒரு கோப்பு திற. வெள்ளிக்கிழமைதோறும் பத்து நிமிடம் போதும். அந்த வாரம் என்ன செய்தாய், எந்தக் கருவியில், எவ்வளவு பெரிய வேலை, முன்னால் எப்படி இருந்தது, பின்னால் எப்படி ஆனது, யார் பார்த்தார்கள். எண்களை அன்றன்றைக்கே எழுதிவிடு. மூன்று மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது; அப்போதுதான் பிள்ளைகள் குத்துமதிப்பாக "50 சதவீதம் மேம்படுத்தினேன்" என்று போட்டுவிட்டு, எப்படி அளந்தாய் என்று இன்டர்வியூவில் கேட்டதும் விழிக்கிறார்கள்.

ரெஸ்யூமே இந்தக் கோப்பிலிருந்து பிறக்கட்டும். "டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பில் புராஜெக்ட் செய்தேன்" என்ற வரி யாருக்கும் எதுவும் சொல்லாது. "மூவர் குழுவில் தேடல் பகுதி என்னுடையது, 2 லட்சம் பதிவுகளை வரிசையாகத் தேடியதை ஹேஷ் டேபிளுக்கு மாற்றி, ஒரு தேடலுக்கு 300 மில்லிசெகண்ட் ஆனதை 5-க்குள் கொண்டுவந்தேன்" என்றால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். வினை, பொருள், வழி, விளைவு என நான்கும் ஒரே வரியில் வர வேண்டும். ஒரே பக்கம். மேலே பெயர், போன், இமெயில், படிப்பு முடியும் மாதமும் ஆண்டும். அந்த மாதம் விட்டுப்போனால் எந்தக் கோடைக்கு உன்னை எடுக்கலாம் என்று தெரியாமல் ஒதுக்கிவிடுவார்கள். ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, நான்குக்கு 3.0-க்கு மேல் இருந்தால் போடு. நிறைய கம்பெனிகள் அந்தக் கோட்டில்தான் வடிகட்டுகின்றன. நம் ஊர் பயோடேட்டா பழக்கத்தில் போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர் எதையும் சேர்க்காதே. இந்த நாட்டில் அவற்றைப் பார்த்தாலே ரெக்ரூட்டர்கள் சங்கடப்படுவார்கள். இரண்டு பத்தியாகப் பிரித்த அழகான வடிவங்களும் வேண்டாம். முதலில் படிப்பது மென்பொருள். அது இடது வரியையும் வலது வரியையும் சேர்த்துக் குழப்பிவிடும். பிடிஎஃப் ஆக்கிய பிறகு, அதிலிருக்கும் எழுத்தை நகலெடுத்து வெறும் நோட்பேடில் ஒட்டிப் பார். அங்கே வரிசை சரியாக வந்தால் மென்பொருளுக்கும் சரியாகப் போகும்.

கரியர் ஆபீஸில் வகுப்பு தொடங்கிய முதல் வாரமே நேரம் வாங்கிக்கொள். ஃபேருக்கு முந்தின வாரம் போனால் கதவுக்கு வெளியே கூட்டம் நிற்கும். இதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது, அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1890-இல் வந்த இரண்டாம் மோரில் சட்டம், கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்காத மாநிலங்கள் அவர்களுக்கென்று தனிக் கல்லூரி நடத்தியாக வேண்டும் என்றது. 1891-இல் ஏ அண்ட் டி பிறந்தது அப்படித்தான். தனியாகக் கட்டினார்களே தவிர, சமமாகப் பணம் கொடுக்கவில்லை. 2023-இல் மத்திய கல்வி அமைச்சரும் வேளாண் அமைச்சரும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். மூன்று பத்தாண்டுகளில் இந்தக் கல்லூரிகளுக்கு வந்திருக்க வேண்டிய 12 பில்லியன் டாலருக்கும் மேலான பணம் வரவில்லை என்று அதில் கணக்குக் காட்டினார்கள். நார்த் கரோலினாவின் பங்கு மட்டும் 2 பில்லியனுக்கு மேல். 14,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் இடத்தில் அந்தப் பணம் ஆலோசகர்களாக, ஆய்வகங்களாக, பயிற்சி வகுப்புகளாக நின்றிருக்கும். அந்தக் குறையோடுதான் இந்தக் கல்லூரி நாட்டிலேயே மிக அதிகமாகக் கறுப்பின இன்ஜினீயர்களை உருவாக்குகிறது. இன்ன கல்லூரியில் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். நீ செய்ய வேண்டியது, ஆலோசகரின் அரை மணி நேரத்தை வீணாக்காமல் இருப்பது. அச்சடித்த ரெஸ்யூமே, பிடித்த மூன்று வேலை அறிவிப்புகள், எழுதி வைத்த கேள்விகள். இவை இல்லாமல் போகாதே.

இனி ஃபேர். மாணவர்களுக்கான வேலைத் தளமான ஹேண்ட்ஷேக்கில், வரப்போகும் கம்பெனிகளின் பட்டியல் முன்பே வந்துவிடும். உனக்கு உண்மையாகவே வேண்டியவை ஐந்து, பரவாயில்லை என்பவை பத்து, மற்றவை பழகிப் பார்க்க. இந்தப் பதினைந்துக்கும் முதல் நாளே ஆன்லைனில் விண்ணப்பித்துவிடு. மேசையில் ரெஸ்யூமேயைக் கொடுத்தால் பாதிப் பேர் "வெப்சைட்டில் போடுங்கள்" என்றுதான் சொல்வார்கள். "போட்டுவிட்டேன், எண் இது" என்று நீ சொன்னால் பேச்சு அடுத்த படிக்குப் போகும். காலையில் கதவு திறக்கும்போதே போ. பழகிப் பார்க்கும் இரண்டு மேசைகளில் குரல் சரியானதும் நேராக உன் ஐந்துக்குப் போ. பதினொரு மணிக்கு மேல் அங்கே வரிசை நீளும். உன் கல்லூரி ஃபேரில் கோட், சூட்தான் வழக்கம், கம்ப்யூட்டர் கம்பெனி என்றாலும். வாங்கக் காசு செலவழிக்காதே. இரவல் உடை கொடுக்கும் அறை இருக்கிறதா என்று கரியர் ஆபீஸில் கேள். பல கல்லூரிகளில் உண்டு. காலுக்குப் பழகிய செருப்பு முக்கியம், நான்கு மணி நேரம் நிற்க வேண்டும்.

உன் அறிமுகம் முப்பது விநாடி: பெயர், ஆண்டு, பிரிவு, செய்த ஒரு வேலை, இந்தக் கம்பெனியில் எந்தக் குழு வேண்டும். பெயரைச் சுருக்கி "கே" ஆக்கிக்கொள்ள வேண்டாம். ஒருமுறை நிதானமாகச் சொல், அவர்கள் திருப்பிச் சொல்லும்வரை காத்திரு. இன்னொன்று, பாஸ்போர்ட்டிலும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையிலும் உள்ளபடியே விண்ணப்பத்தில் பெயர் இருக்கட்டும். நம் இனிஷியல் ஒரு இடத்தில் முன்னாலும் இன்னொரு இடத்தில் பின்னாலும் இருந்தால், பின்னணிச் சோதனை அங்கேயே தேங்கி நிற்கும்.

ஒரு விஷயத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள். கறுப்பினக் கல்லூரிகளுக்கு வருகிற எல்லா மேசைக்குப் பின்னாலும் வேலை இருக்காது. பேனர் கட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு, பேனா கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அதைப் பிரித்தறிய மூன்று கேள்வி போதும். போன கோடையில் எங்கள் கல்லூரியிலிருந்து எத்தனை பேரை எடுத்தீர்கள்? இங்கே நாளைக்கு இன்டர்வியூ நடத்துகிறீர்களா? இந்த ரெஸ்யூமே யார் கைக்குப் போகும்? மரியாதையாகக் கேள். வேலை இருக்கிறவர்கள் மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார்கள். பதில் மழுப்பலாக வந்தால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடு.

மேசையை விட்டு வந்ததும், அடுத்ததற்குப் போகும் முன் சுவரோரம் நின்று, பேசியவர் பெயரையும் பேசிய விஷயத்தையும் எழுதிக்கொள். மறுநாள் சாயங்காலத்துக்குள் நான்கு வரியில் இமெயில். பலர் சறுக்குவது இங்கேதான். இருபது பேரிடம் பேசிவிட்டு ஒருவருக்கும் எழுதாமல் விடுகிறார்கள். மறுநாளை முழுதும் காலியாக வைத்துக்கொள். பல கம்பெனிகள் அன்றைக்கே கேம்பஸில் இன்டர்வியூ நடத்தும். அன்று வகுப்புத் தேர்வு இருந்தால் பேராசிரியரிடம் ஒரு வாரம் முன்னாலேயே கேள், அன்று காலையில் கேட்காதே.

அக்டோபர் ஹோம்கமிங்கை வேடிக்கை என்று மட்டும் எண்ணாதே. பழைய மாணவர்கள் நாடெங்குமிருந்து வருவார்கள். அவர்களிடம் வேலை கேட்காதே. எந்தப் பிரிவு, எந்தக் கம்பெனி, முதல் ஆண்டில் எது கடினமாக இருந்தது என்று கேள். இரண்டு வாரம் கழித்து லிங்க்ட்இன்னில் எழுது. ஏ அண்ட் டி-யில் படித்தவர்களை "ஆகி" என்பார்கள்; ஒரு ஆகி இன்னொரு ஆகிக்குப் பதில் எழுதாமல் இருப்பது அபூர்வம். பணக்காரக் கல்லூரிகளில் காசு கொடுத்தும் வாங்க முடியாத உறவு இது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நீ தமிழ்ப் பெண், கறுப்பினப் பெண் அல்ல. இந்தக் கல்லூரிகள் எல்லாருக்கும் திறந்தவை. எச்பிசியு, அதாவது கறுப்பினத்தவருக்கென்று தொடங்கிய கல்லூரிகள், அவற்றின் மாணவர்களுக்கு என்று ஒரு வாய்ப்பை அறிவித்தால் அது உனக்கும் உரியது, தயங்காமல் போடு. கறுப்பின மாணவர்களுக்கு என்று குறிப்பிட்டிருந்தால் அது உன்னுடையது இல்லை. விதியை வரிக்கு வரி படி, சந்தேகம் இருந்தால் கேட்டு எழுது, விண்ணப்பத்தில் இனம் கேட்டால் உள்ளதைச் சொல். 1975-இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் தொடங்கிய, கறுப்பின இன்ஜினீயர்களுக்கான நெஸ்பி சங்கத்தில் யாரும் சேரலாம், நீயும் சேர். அதன் ஆண்டு மாநாட்டின் கரியர் ஃபேரிலேயே உட்கார வைத்து இன்டர்வியூ செய்து ஆஃபர் கொடுக்கிறார்கள். பயணச் செலவுக்கு கிளை திரட்டும் பணத்துக்கு இலையுதிர் பருவத்திலேயே பெயர் கொடுக்க வேண்டும். ஆனால் வாங்கிக்கொள்ள மட்டும் போகாதே. கூட்டத்துக்கு நாற்காலி போடு, ஜூனியர்களுக்கு ரெஸ்யூமே திருத்திக் கொடு.

இன்டர்வியூவுக்கு ஆறு அனுபவங்களைத் தயார் செய்: சண்டை வந்து தீர்ந்தது, தோற்றது, தலைமை தாங்கியது, அவசரத்தில் முடித்தது, தவறைக் கண்டுபிடித்தது, தெரியாததைக் கற்றது. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். சூழலுக்கு இரண்டு வாக்கியம், மீதியெல்லாம் நீ செய்தது. "நாங்கள் செய்தோம்" என்றே சொல்லி உன்னை வளர்த்திருக்கிறோம். அங்கே அது எடுபடாது. நீ என்ன செய்தாய் என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. குழுவுக்கு ஒரு வரி மரியாதை செய்துவிட்டு "நான்" என்று பேசு. அது ஆணவம் ஆகாது.

கோடிங்குக்கு வாரம் நான்கு கணக்கு, 45 நிமிடம் கடிகாரம் வைத்து, தோழியோடு சத்தமாகப் பேசிக்கொண்டே. அர்ரே, ஸ்ட்ரிங், ஹேஷ் டேபிள், மரம், இவற்றில் கை நன்றாக ஓடினால் இன்டர்ன் மட்டத்துக்குப் பெரும்பாலும் போதும். கேள்வியைக் கேட்டதும் டைப் செய்யத் தொடங்கிவிடாதே. உள்ளீடு காலியாக இருக்கலாமா, திரும்பத் திரும்ப வருமா என்று கேள். ஒரு சின்ன உதாரணத்தைக் கையால் போட்டுக் காட்டு. எளிய வழியைச் சொல்லிவிட்டு வேகப்படுத்து. மௌனமாக இருந்து சரியான விடை சொல்கிறவளைவிட, யோசிப்பது கேட்கும்படி பேசுகிறவளுக்கு மதிப்பெண் அதிகம்.

கோ-ஆப் ஆஃபர் வந்தால், அதாவது ஒரு செமஸ்டரும் கோடையும் சேர்த்து வேலை, உடனே தலையாட்டாதே. நீ விடப்போகும் செமஸ்டரில் மட்டுமே நடக்கும் பாடம் எது, அதை நம்பி நிற்கும் அடுத்த பாடங்கள் எவை என்று அட்வைசரோடு தாளில் போட்டுப் பார். ஆறு மாதம் என்று போனது ஒரு வருடம் ஆவது இப்படித்தான். ஸ்காலர்ஷிப் தொடர்ந்து முழுநேரம் படிக்க வேண்டும் என்கிறதா, விடுதி அறை நிற்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்.

ஆஃபர் வந்தால் சம்பளத்துக்கு முன்னால் மூன்றைப் பார். சேரும்போது தரும் சைனிங் போனஸை எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும், இடமாற்றப் பணத்தில் வரி பிடித்தால் கையில் எவ்வளவு வரும், பதில் சொல்ல எத்தனை நாள். நாள் போதாது என்றால் கேள். இரண்டு வாரம் கேட்பதில் தவறே இல்லை. ஒரு இடத்துக்குச் சரி என்று சொன்ன பிறகு மாறாதே. அந்தக் கம்பெனி அடுத்த செப்டம்பரில் உன் கல்லூரிக்கு வராமல் போனால், இழப்பது உன் பின்னால் வரும் பிள்ளைகள்.

ரெஸ்யூமேயை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. நான் சிவப்பில் திருத்தித் திங்கள் இரவு அனுப்பிவிடுவேன். அப்பாவின் பழைய கறுப்புக் கைப்பை ரெஸ்யூமே வைக்கச் சரியாக இருக்கும், அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா