லோன் ஆப்புக்கு விளம்பரம் போட்டவரையும் கேள்வி கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஐப்பசியில் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லுக்குத் தார்ப்பாய் போட்டுக் காவல் கிடந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்கினால்தான் எடுப்பார்கள், மழை விட்டபாடில்லை. அன்று ராத்திரி வாட்ஸ்அப்பில் என் தம்பி மகனின் படம் வந்தது. குறுக்கே சிவப்பு எழுத்தில் 'திருடன்' என்று போட்டிருந்தது.

அறுவடை மெஷின் வாடகையில் ஐயாயிரம் குறைந்ததால் போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு லோன் ஆப்பில் கேட்டிருக்கிறான். கைக்கு வந்தது 3,200 ரூபாய். ஏழாம் நாள் முழு ஐயாயிரமும் கட்டு என்றார்கள். நெல் போட்ட பணம் அதற்குள் கணக்கில் ஏறவில்லை. எட்டாம் நாள் அவன் போனில் இருந்த அத்தனை பேருக்கும் படம் போய்விட்டது: மாமனார், உரக்கடைக்காரர், மெஷின் ஏஜென்ட் உட்பட. அவன் அப்பா வைத்திருப்பது பட்டன் போன் என்பதால் அவருக்கு மட்டும் தெரியாது. "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க பெரியப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அடகுக் கடைக்கு 1943 சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் வந்தாயிற்று. அடகுக் கடையில் நகையை வைக்கிறோம். இந்த ஆப்களிலோ நம் சொந்தபந்தங்களின் நம்பர்கள்தான் அடமானம். மானம் போய்விடும் என்ற பயத்தை வைத்தே இந்தத் தொழில் நடக்கிறது.

கடன் ஆப்கள் போனில் உள்ள நம்பர்களைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. 2025 ஜூலையிலிருந்து முறையான ஆப்களின் பட்டியலையும் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. சரி, திருட்டு ஆப் நடத்துகிறவன் இதற்கெல்லாம் கட்டுப்படுவானா? அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்பதே தெரியாது. ஆனால் அவனிடம் காசு வாங்கிக்கொண்டு, டிராக்டர் வீடியோவுக்கு நடுவில் அந்த விளம்பரத்தைக் காட்டிய தளத்துக்கு முகவரி இருக்கிறது. ரிசர்வ் வங்கிப் பட்டியலில் இல்லாத ஆப்புக்கு விளம்பரம் போட்டால் அந்தத் தளத்துக்கும் அபராதம் வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு அது நஷ்டஈடும் தர வேண்டும். நடக்காத காரியம் இல்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-ல் தடை செய்த மத்திய அரசு, அவற்றின் விளம்பரத்தையும் சேர்த்துத்தானே தடுத்தது!

சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுத்திருக்கிறோம். போன வாரம் அதே விளம்பரம் வேறு பெயரில் என் போனிலேயே வந்தது.

இப்படிக்கு,
குறுவை விவசாயி ஒருவர்,
மன்னார்குடி வட்டம்.