கொடுமணல் கதை பாதியில் நிற்கிறது

கோபிசெட்டிபாளையம்,
கார்த்திகை மாதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லாரும் நலம். மஞ்சள் இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது, வெட்டும்போது விலை இருந்தால் சரி. அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்கள்.

நான் கதையை நடத்த, நீங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு வேஷம் கட்டிப் பகடை உருட்டும் நம் ஆட்டத்துக்குப் போன ஞாயிறு நீ திரையில் ஒரு மணி நேரம் பிந்தி வந்ததில் எனக்குக் கோபமில்லை. அக்டோபர் கடைசியில் ஜெர்மனியில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள், மூன்றரை மணி இடைவெளி நாலரை ஆகிவிடும் என்பதை மறந்தவன் நான்தான். கதையில் உன் வணிகனுக்காக மற்ற மூன்று பேரும் நொய்யல் கரையில் மாட்டு வண்டியோடு காத்துக்கிடந்தார்கள். அதற்குள் ஒருத்தன் படியூர்ப் பச்சைக்கல் மூட்டையில் பாதியைச் சூதாடித் தொலைத்துவிட்டான். அது உன் சரக்கு.

கதையின் கடைசிச் சண்டையை ஏன் தள்ளிக்கொண்டே போகிறேன், ஆன்லைனிலேயே முடித்துவிடலாமே என்று கேட்டாய். போனில் சொன்னால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 2020 ஊரடங்கில் நாம் திரைக்கு மாறாமல் இருந்திருந்தால் இந்த ஆட்டம் அப்போதே செத்திருக்கும். அதற்கு முந்தைய மூன்று வருஷத்தில் ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்தது இரண்டே தடவை. இப்போது பதினைந்து நாளைக்கு ஒருமுறை தவறாமல் நடக்கிறது. நம் திருப்பூர்க்காரனையே எடுத்துக்கொள். நேரில் வாயே திறக்கமாட்டான், முறுக்கைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பான். இன்றைக்கு சாட்டில் பத்தி பத்தியாக எழுதுகிறான். கொடுமணலில் மணி கோக்கும் அவனுடைய கிழவிதான் கதையிலேயே பெரிய கெட்டிக்காரி.

திரையில் ஆட ரோல்20 தளம் போதுமா, ஃபவுண்ட்ரி மென்பொருள் வாங்கலாமா என்று கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். ஃபவுண்ட்ரிக்கு ஒரே தடவை காசு, அதுவும் ஆட்டத்தை நடத்துகிறவன் மட்டும் வாங்கினால் போதும். ஆனால் நான் வாங்கினால் அது என் கம்ப்யூட்டரில் ஓட வேண்டும். தோட்டத்துச் சாளையில் கரண்ட் போனால் ஐந்து பேரின் உலகமும் சேர்ந்து அணைந்துவிடும். நீயே வாங்கு, உன் ஊரில் ஓடட்டும்.

பகடை விஷயம்தான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. பெங்களூர்க்காரனுக்கு இருபது பக்கப் பகடையில் தொடர்ந்து மூன்று தடவை ஒன்று விழுந்ததே, அது 8,000இல் ஒரு தடவை நடக்கிற சங்கதி. நடக்கத்தான் செய்யும். ஆனால் அவன் சாஃப்ட்வேரில் ஏதோ கோளாறு என்று அரைமணி நேரம் வாதாடினான். கையால் உருட்டியிருந்தால் பகடையைத் திட்டிவிட்டு வேறொன்றை எடுத்திருப்பான். எங்கள் அம்மிச்சி தாயம் விழாவிட்டால் கட்டையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து வைதுவிட்டு மறுபடி போடும். திட்டுவதற்குக் கையில் ஒரு பொருள் வேண்டியிருக்கிறது, மாப்பிள்ளை.

மேப்பிலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. 1974இல் கைகாக்ஸும் ஆர்னெசனும் இந்த வகை ஆட்டத்துக்கு முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது பெட்டியில் இருந்தவை மூன்று சிறு புத்தகங்களும் சில அட்டவணைத் தாள்களும்தான். மிச்சத்தையெல்லாம் வாயால் சொல்லியாக வேண்டும். இப்போது நான் பாலக்காட்டுக் கணவாயை ராத்திரி உட்கார்ந்து கலர் கலராக வரைந்து, விளக்கு வெளிச்சம் எங்கே விழும் என்பதுவரை அமைத்து வைக்கிறேன். நீங்கள் என்ன கேட்கிறீர்கள்? "எத்தனை கட்டம் நகரலாம்?" முன்பெல்லாம் "காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது?" என்று கேட்பாய்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் தாங்க முடியாதது அந்த மௌனம். சுங்கக்காரன் மூட்டையில் கை வைத்தான் என்று சொல்லி நிறுத்துகிறேன். நேரிலென்றால் யார் மூச்சைப் பிடித்தார்கள், யார் பக்கத்தில் இருப்பவன் காதைக் கடிக்கிறான் என்று தெரிந்துவிடும். திரையில் பயந்துபோய் இருக்கிறீர்களா, மைக்கை அணைத்துவிட்டுக் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறீர்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒருத்தர் பேசினால் மற்றவர் வாயை மூட வேண்டும் என்பதால் குசுகுசுவென்று சதி பண்ணவும் வழியில்லை. சின்ன வயசில் கோயிலில் அண்ணன்மார் கதை கேட்கப் போவோமே, உடுக்கை அடிப்பவர் எதிரே இருக்கும் முகங்களைப் பார்த்துத்தானே ஒரு இடத்தை இழுப்பார், ஒரு இடத்தைத் தாண்டுவார்? அந்த முகங்கள் இல்லாமல் நான் இப்போது ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு "நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்கிறேன். வாத்தியார் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி இருக்கிறது.

பாதிப்பேர் நேரில், பாதிப்பேர் லேப்டாப்பில் என்று தீபாவளிக்குச் செய்து பார்த்தது இரண்டையும்விட மோசம். வீட்டு ஆசாரத்தில் இருந்த மூன்று பேரும் தங்களுக்குள் சிரித்துக்கொண்டோம், நீ "என்ன, என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். அன்றைக்கு எனக்கு ரொம்பச் சங்கடமாகிவிட்டது.

அதனால் இப்படிச் செய்வோம். வழக்கமான ஞாயிறுகள் திரையிலேயே நடக்கட்டும், அதை நிறுத்தச் சொல்லவில்லை. வண்டிகள் கணவாயைத் தாண்டி முசிறித் துறைமுகத்தை எட்டும் அந்தக் கடைசிச் சண்டை ராத்திரி மட்டும் இங்கே. தைப் பொங்கலுக்கு நீ வருவதாகச் சொல்லியிருக்கிறாய். மற்ற மூன்று பேரிடமும் பேசிவிட்டேன், மாட்டுப் பொங்கல் கழிந்த மறுநாள் வருகிறார்கள். சாளையில் ஐந்து கயிற்றுக்கட்டில் இருக்கிறது, அம்மா சந்தகை பிழிந்து தருவார்கள். மேப் கிடையாது, வாயால்தான் சொல்லுவேன். திருப்பூர்க்காரன் பேச்சு வராமல் திணறினால் எழுதிக் கொடுக்கட்டும், நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன்.

அப்புறம், அந்தப் பச்சை நிற இருபது பக்கப் பகடை உன்னிடம்தான் இருக்கிறது. இல்லையென்று சாதிக்காதே. பெட்டி கட்டும்போது முதலில் அதை எடுத்து வை.

அன்புடன்,
ஆட்டத்தை நடத்தும் உன் டி.எம்.