லெ.யா, மெ.யா?

காரைக்குடி
சனிக்கிழமை இரவு

அன்புள்ள ராமு,

நலம், நலமறிய ஆவல். சிரிக்காதே, இப்படி ஆரம்பித்தால்தான் எனக்குக் கை ஓடுகிறது. தங்கச்சிக்கு முட்டி வலி குறைந்ததா? எனக்குச் சர்க்கரை மாத்திரை இரண்டு மூன்றாகியிருக்கிறது. பெரியவன் பெங்களூரில் வீடு பார்க்கிறான், கடன் கேட்பான் போலிருக்கிறது. உன் காது எப்படி இருக்கிறது? தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை என்று கோபத்தில் இருப்பாய். அந்தக் கோபத்தைச் செலவழித்துவிடாதே, கடைசிப் பக்கத்தில் தேவைப்படும்.

முதலில் சிரிக்கிற சேதி. நான் சினிமாவில் நடித்துவிட்டேன்.

போன மாதம் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் ஷூட்டிங். இப்போதெல்லாம் நம் பக்கத்து வீடுகளைக் கல்யாணத்துக்குத் திறப்பதைவிட ஷூட்டிங்குக்குத் திறப்பதுதான் அதிகம். சினிமா இப்போதுதான் இந்த ஊருக்கு வழி கண்டுபிடித்த மாதிரி சனம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. யுத்த காலத்தில் ஏ.வி.எம். செட்டியார் ஸ்டூடியோவையே மெட்ராஸிலிருந்து தூக்கிக்கொண்டு இங்கே வந்ததும், 1947-ல் பாரதி பாட்டோடு 'நாம் இருவர்' இங்கிருந்து போனதும் யார் ஞாபகத்திலும் இல்லை. (பாரதி என்றதும் நீ நிமிர்ந்து உட்காருவாய் என்று தெரியும். ஆமாம்டா, அவரும் சுதேசமித்திரனில் சப்-எடிட்டர், நீயும் சப்-எடிட்டர். அதற்குமேல் ஒற்றுமை தேடாதே.)

மந்திரி, முகப்பில் தேக்குத் தூணுக்கு நடுவே நின்று பேட்டி கொடுக்கிற காட்சி. ஆறு நிருபர்கள் வேண்டும். டீக்கடையில் யாரோ என்னைக் கை காட்டிவிட்டார்கள். உதவி டைரக்டர் என் பேரன் வயது. மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க ரிப்போர்ட்டர் மாதிரி இல்லையே" என்றான். நாற்பது வருஷம் அதுதானப்பா செய்தேன் என்றேன். "இல்ல சார், ஆடியன்ஸுக்குத் தெரியணும்ல" என்று ஒரு ஜிப்பாவும் ஜோல்னாப் பையும் கொண்டுவந்து மாட்டினான். நம் ஆட்களில் ஜோல்னாப் பை மாட்டியவன் நீ ஒருத்தன்தான். அதற்குள்ளும் டிபன் பாக்ஸ்தான் இருக்கும்.

கையில் ஒரு மைக். அதில் இல்லாத சானலின் பெயர் ஒட்டியிருந்தது. 'ஆக்‌ஷன்' என்றதும் ஆறு பேரும் ஒரே நேரத்தில் கத்த வேண்டும். எனக்கு வசனம் "சார், இதுக்கு உங்க பதில் என்ன?" எதற்குப் பதில் என்று கேட்டேன். அது எடிட்டிங்கில் வரும் என்றான். சரியென்று கத்தினேன். மந்திரி பேச ஆரம்பித்ததும் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று, பேனாவை எடுத்துக் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டேன். "கட்! பெரியவரே, கீழ பாக்காதீங்க! மந்திரி முகத்தப் பாருங்க!" மறுபடி எடுத்தார்கள், மறுபடி குனிந்தேன். நாலாவது டேக்கில் பேனாவைப் பிடுங்கிக்கொண்டான். முடிந்ததும் எழுநூற்றைம்பது ரூபாயும் ஒரு பிரியாணிப் பொட்டலமும். கட்டிங்கை ஒட்டி, சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று ஸ்கேல் வைத்து அளந்து மாசக் கடைசியில் பில் அனுப்புவேனே, அதில் ஒருமுறைகூட நான் ஒரே நாளில் இவ்வளவு பார்த்ததில்லை.

அந்த 'கீழ பாக்காதீங்க' அதன் பிறகு மண்டையை விட்டுப் போகவில்லை. யோசித்துப் பார், நாம் சேர்ந்து பார்த்த படங்களில் எந்த நிருபராவது குனிந்து எழுதினானா? 'ஊமை விழிகள்' நைட் ஷோ ஞாபகம் இருக்கிறதா, 1986? ஜெய்சங்கர் ஆசிரியராக வந்ததைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் நீ டெஸ்கில் அந்தக் குரலிலேயே பேசி, சீனியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய். அந்தப் படத்தைக் குறை சொல்ல மாட்டேன், அழுதவன் நான். 'முதல்வன்' அர்ஜுன் கேமரா தூக்கிக்கொண்டு ஓடுகிறவன். ஒரு பேட்டி எடுத்தான், ஒரு நாள் முதலமைச்சர் ஆனான், பிறகு முழு முதலமைச்சரே ஆனான். பேட்டியை நன்றாக எடுத்தவனுக்குப் பரிசு இந்தத் தொழிலைவிட்டுப் போவதுதான் என்று ஷங்கர் 1999-லேயே கண்டுபிடித்துவிட்டார். 'கோ' கொஞ்சம் தேவலை. கே.வி. ஆனந்த் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துவிட்டுச் சினிமாவுக்குப் போனவர், கேமராவைப் பிடிக்கிற பிடியிலேயே அது தெரிந்தது. ஆனால் அதிலும் பட அடிக்குறிப்பில் இடமிருந்து வலமாக யார் யார் என்று எவனும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. நமக்கு அதுதானே பாதி வேலை.

'கவர்' போடுகிற கதையைச் சொன்னால் என் பேரன் நம்ப மாட்டேன் என்கிறான். ஸ்டூடியோவில் ரோலைக் கழுவி, ஈரம் காயாத பிரிண்டைச் செய்தியோடு உறையில் போட்டு, மதுரை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பஸ் நம்பரை உனக்குப் போனில் சொல்லி... பாதி நாள் நீ ஸ்டாண்டுக்குப் பையனை அனுப்ப மறந்திருப்பாய், என் படம் திரும்பி அதே பஸ்ஸில் காரைக்குடிக்கே வந்து சேரும்.

உன் சாமிப் படத்துக்கு வருகிறேன். 'ஆல் த பிரசிடெண்ட்ஸ் மென்', வாட்டர்கேட் ஊழலைத் தோண்டிய இரண்டு வாஷிங்டன் போஸ்ட் நிருபர்களின் கதை. எத்தனை தடவை அதன் கதையைச் சொல்லி என் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறாய்! வாஷிங்டன் போஸ்ட் ஆபீஸை அப்படியே செட் போட்டு, நிஜ ஆபீஸின் குப்பைக் காகிதத்தைக்கூட பெட்டி பெட்டியாக வரவழைத்துக் கொட்டினார்கள் என்று பெருமையாகச் சொல்வாய். (நம் ஆபீஸ் குப்பையைக் கேட்டிருந்தால் வடை மடித்த காகிதம்தான் போயிருக்கும்.) அதில் நீ ஒருபோதும் அழுத்திச் சொல்லாத இடம் ஒன்று உண்டு. போன மாதம்தான் அதை முழுசாகப் பார்த்தேன். அந்த நிருபர்களில் ஒருவனான பெர்ன்ஸ்டைன் போனில் ஒருவரிடம், நான் பத்து எண்ணுகிறேன், சேதி தப்பென்றால் அதற்குள் போனை வைத்துவிடுங்கள், சரியென்றால் வைக்காதீர்கள் என்கிறான். எண்ணி முடிக்கிறான். அவர் வைக்கவில்லை. குதித்துக்கொண்டு செய்தியைப் போடுகிறார்கள். ஆனால் அந்த ஆள் கணக்கை மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார். மறுநாள் மறுப்பு, மானக்கேடு. அவ்வளவு பெரிய செய்தியில், அவ்வளவு பெரிய பத்திரிகையில், ஒரு போன், ஒரு 'அப்படியா இப்படியா'. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

ஆனால் தூக்கத்தை மொத்தமாகக் கெடுத்தது வேறு படம். 'பீப்லி லைவ்', 2010-ல் வந்த ஹிந்திப் படம். எடுத்த அனுஷா ரிஸ்வி டிவியில் செய்தி வேலை பார்த்தவர். நத்தா என்று ஒரு கடன்பட்ட விவசாயி, தற்கொலை செய்துகொள்ளப் போகிறேன் என்கிறான். சானல் வண்டி எல்லாம் கிராமத்தில் வந்து குவிகிறது. அந்தச் சேதியை முதலில் எழுதியது உள்ளூர்ப் பத்திரிகையின் நிருபன் ஒருத்தன், ராகேஷ், நம்மைப் போல. நவாசுதீன் சித்திக் செய்திருக்கிறான். கடைசியில் ஒரு தீ விபத்து. செத்தது ராகேஷ். கருகிப்போன உடம்பைப் பார்த்துவிட்டு நத்தா செத்தான் என்று எல்லா டிவியும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகின்றன. நிருபன் வேறொருவன் பெயரில் சாகிறான் ராமு. அவனுக்கு ஒரு வரி இல்லை.

ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து மச்சில் ஏறினேன். வீட்டுக்காரி திருடன் என்று நினைத்து விளக்குமாற்றோடு வந்தாள். தகரப் பெட்டியில் என் பழைய நோட்டுகள். அந்த வருஷத்தைத் தேடி எடுத்தேன்.

லெ.யா, மெ.யா?

முப்பத்தைந்து வருஷமாக நமக்கு இது ஒரு சிரிப்பு. கல்யாண வீட்டில் நீ சாம்பார் கேட்டு ரசம் வந்தால்கூட, "இவனுக்குக் காது லெ., வாய் மெ." என்று நான் ஆரம்பித்துவிடுவேன், மொத்தப் பந்தியும் சிரிக்கும். நீயும் சிரிப்பாய். பெயர் ஒன்று, விலாசம்தான், அதாவது முன்னெழுத்துதான், வேறு. செத்தவர் ஒருவர், நாம் பேப்பரில் போட்டது இன்னொருவரை. நம் ஊரில் ஒரு தெருவில் கூப்பிட்டால் நாலு அண்ணாமலை, மூன்று சிதம்பரம் திரும்பிப் பார்ப்பார்கள். பெயருக்கு முன்னால் இருக்கிற அந்த எழுத்துதான் ஆள். அந்த எழுத்தை நீ போனில் மாற்றிக் கேட்டாய் என்பதுதான் விசாரணை முடிவு. மெமோ, ஒரு இன்கிரிமென்ட், வரிவிளம்பரப் பிரிவில் பதினான்கு மாதம். நீ எதிர்த்து ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் நடந்ததை உன்னிடம் நான் முழுசாகச் சொன்னதே இல்லை. மெ. வீட்டில் எட்டு மணிக்கே கூட்டம். அவர் சென்னை போயிருந்தார். போன் போட்டால் தங்கிய இடத்தில் இல்லை, வெளியே போயிருக்கிறார் என்கிறார்கள். வளவில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். நான் படம் கேட்கப் போயிருந்தேன், மறுநாள் பேப்பருக்கு. சினிமாவில் காட்டாத இன்னொரு வேலை அது, செத்தவர் வீட்டில் போய் 'ஒரு போட்டோ கிடைக்குமா' என்று நிற்பது. பத்தரைக்குப் போன் வந்தது. மெ. அவரே பேசினார். கூச்சல், அழுகை, சிரிப்பு, பிள்ளையாருக்குச் சூறைத்தேங்காய் நேர்ந்துகொள்கிறார்கள். அவருடைய அம்மா, தொண்ணூறு வயது ஆச்சி, மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, எம் மகன் இருக்கான். அப்ப செத்தது யாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு, "லெ. வீட்டு அண்ணனா இருக்கும் ஆச்சி" என்றேன்.

லெ. வீட்டு ஆச்சி அங்கேதான் உட்கார்ந்திருந்தார், ராமு. காலையில் பேப்பரைப் பார்த்துவிட்டு மெ. வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர். தன் வீட்டுக்காரர் மறுநாள்தான் திரும்புவார் என்று நினைத்துக்கொண்டிருந்தவர். மூன்று மணி நேரமாக மெ. வீட்டு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அழாதே அழாதே என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

மூன்றாம் நாள் ஆறாம் பக்கத்தில் 'திருத்தம்' என்று நாலு வரி போட்டோம்.

நோட்டுக்கு வருகிறேன். அன்று இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் உடலோடு வந்த சாமான் ஒன்றே ஒன்று, எவர்சில்வர் தூக்கு. அடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. கரண்ட் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் பார்த்து எழுதிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன், எடிஷன் மூட இருபது நிமிஷம். அந்தப் பக்கம் இப்போது என் முன்னால் இருக்கிறது. பென்சில் எழுத்து, கொஞ்சம்கூட அழியவில்லை.

'மெ.' என்று இருக்கிறது.

சந்தேகத்துக்கு இடமில்லாத மெ. அதைச் சுற்றி ஒரு வட்டம் வேறு போட்டிருக்கிறேன், முக்கியம் என்று. நீ சரியாகத்தான் கேட்டாய். நான் சொன்னதைத்தான் எழுதினாய்.

விசாரணையில் லெ. என்றுதான் சொன்னேன் என்று சத்தியம் செய்தேனே, அது தெரிந்து சொன்ன பொய் இல்லை. அந்தக் காலையிலிருந்து என் தலைக்குள் லெ. என்பதைத் தவிர வேறு எழுத்தே இல்லை, முதலிலிருந்தே அப்படித்தான் சொன்னதாக நம்பிவிட்டேன். இதை நீ நம்ப வேண்டும் என்று கெஞ்சவில்லை. எனக்கே ஒன்றுதான் விளங்கவில்லை. நோட்டு என் பையிலேயே இருந்தது. ஒரு பக்கம் புரட்டினால் போதும். பெயரை மூன்று தடவை கேட்கிறவன், வயதை இரண்டு தடவை கேட்கிறவன், அதை மட்டும் ஏன் புரட்டவில்லை? ஒருவேளை உள்ளுக்குள் தெரிந்துதான் இருந்ததோ. ராத்திரி எல்லாம் இதைத்தான் அரைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த நோட்டை ஸ்பீட் போஸ்டில் தனியாக அனுப்புகிறேன். உனக்கு வேண்டியதைச் செய். அப்போது மேசையில் இருந்தவர்களில் இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். இருவருக்கும் நானே எழுதிவிட்டேன், நகலை இதோடு வைத்திருக்கிறேன். பதினான்கு மாத வரிவிளம்பரத்துக்கு என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

மணவோலை, அதிரசம் எல்லாம் வீட்டுக்காரி தனிப் பெட்டியில் கட்டியிருக்கிறாள், தங்கச்சிக்கு. அதை நோட்டோடு சேர்த்து அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், எண்ணெய் பட்டுவிடும்.

பதில் போட்டால் எழுதிப் போடு. போன் பண்ணாதே. உனக்குப் போனில் காது சரியாகக் கேட்காது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பவன் நான்.

உன்
சுப்பு